ஆறுக்குப் பிறகு ஐந்து

4 மார்ச், திங்கட்கிழமை, காலை 9.40. டப்பாக்கள்: 143.

அண்ணா,

நலம். சளி மட்டும் இருக்கிறது. குளிர்கிடங்கில் வேலை பார்க்கிறவனுக்கு அது வேலையோடு சேர்ந்தே வரும். உன் முதுகுவலி எப்படி? அண்ணி எப்படி?

மேலே எழுதியிருக்கும் எண்ணிக்கை உனக்காகத்தான். உன் ஆள் வந்துவிட்டார். கல்லூரியில் படித்த நாளிலிருந்து நீ பிதற்றிக்கொண்டிருக்கும் அந்த வங்காள இயக்குநரின் மொத்தப் படங்கள், பதினெட்டும், இன்று காலை ஒரே லாரியில் எங்கள் திரைப்பட ஆவணக்கூடத்து வாசலில் இறங்கின. அவர் இறந்து ஆறு வருடமாகக் குடும்பத்தார் ஏதோ ஒரு ஷெட்டில் போட்டு வைத்திருந்தார்களாம். டப்பாவெல்லாம் துரு. ஒன்றைத் திறந்தேன், புளித்த நெடி மூக்கில் அறைந்தது. எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு வாங்கியவன் நான்.

கழுவி, பிலிம் ஓரத்தில் கிழிந்த துளைகளை ஒட்டி, மே மாதம் திரையிட அனுப்ப வேண்டும். முதல் திரையிடலே உங்கள் திரைப்படக் கழகத்தில்தான். சீஃப் என்னைக் கூப்பிட்டு, "இதை ஒழுங்கா முடிச்சா ஆகஸ்ட் முப்பத்தொண்ணுல உன் வேலை நிரந்தரம். சொதப்பினா வாசல் எங்க இருக்குன்னு உனக்கே தெரியும்" என்றார்.

நீ இவர் படங்களில் எத்தனை பார்த்திருப்பாய்? ஐந்து? ஆறு? நான் பதினெட்டையும் கையால் தொடப் போகிறேன். வேறு காரணம் இல்லை, உனக்கு வயிறு எரியட்டும் என்றுதான் எழுதினேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
தம்பி

*

15 மார்ச்

அன்புத் தம்பிக்கு,

இருவரும் சுகம். முதுகு அதன் இடத்தில் இருக்கிறது, வலியும் அதன் இடத்தில் இருக்கிறது. உன் சளிக்கு அண்ணி ஒரு பட்டியலே சொன்னாள். வார்டில் நர்சாக இருப்பவள் அல்லவா, நீ ஒன்றையும் செய்ய மாட்டாய் என்று தெரிந்தும் சொல்கிறாள். கழுத்தில் துணி சுற்றிக்கொள் என்பது அதன் சாரம்.

உன் கடிதத்தை நூலகத்தில் புத்தக அலமாரிகளுக்கு நடுவே நின்று மூன்று முறை படித்தேன். நீ நினைத்தது நடந்தது. எரிந்தது. பத்தொன்பது வயதில் அவருடைய படம் ஒன்றைப் பார்த்துவிட்டு, பஸ் என்று ஒன்று இருப்பதையே மறந்து வீடுவரை நடந்து வந்தவன் நான். பதினெட்டில் ஏழுதான் பார்த்திருக்கிறேன். மீதிக்காகக் காத்திருந்ததில் முப்பத்தாறு வயதாகிவிட்டது. நீ அவர் பெயரைக்கூடச் சரியாகச் சொல்ல மாட்டாய். உன் மடியில் வந்து விழுகிறது அத்தனையும்.

உன்னிடம் சொல்லாமல் இருந்தேன். அவருடைய எல்லாப் படங்களையும் பற்றி ஒரு புத்தகம் எழுதுகிறேன், படத்துக்கு ஓர் அத்தியாயம். செப்டம்பரில் வருகிறது. ஒரே ஓர் உதவி. ஒவ்வொரு படத்திலும் ஒரு ஷாட் சராசரியாக எத்தனை நொடி நிற்கிறது என்று அளந்து சொல்வாயா? என்னால் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு படம் பார்க்க முடியாது. உன்னால் முடியும்.

நேரத்துக்குச் சாப்பிடு.
அண்ணன்

*

9 ஏப்ரல், மாலை 5.15. முடிந்தவை: 91. பாக்கி: 52.

அண்ணா,

சளி போய்விட்டது, துணி சுற்றாமலேயே. அண்ணியிடம் சொல்லிவிடு. உனக்கு முதுகு?

தனியாகப் பதினோரு பக்கம் இணைத்திருக்கிறேன். இதுவரை முடிந்த படங்களில் நான்காயிரத்துச் சொச்சம் ஷாட், ஒவ்வொன்றும் பிரேம் கணக்கில். வேலை முடிந்த பிறகு, என் சொந்த நேரத்தில் செய்தது. சுருக்கம் இதுதான். முதல் படத்தில் ஒரு ஷாட் சராசரி 7.2 நொடி. கடைசிப் படத்தை மட்டும் வரிசையை விட்டு முன்கூட்டியே எடுத்து அளந்தேன், அதில் 22.6. வயதாக ஆக ஆள் வெட்டவே மாட்டேன் என்கிறார். கத்தரிக்கோலை யாரோ ஒளித்து வைத்துவிட்டார்கள் போல.

கதை என்ன என்று என்னைக் கேட்காதே. எனக்கு அந்த மொழி தெரியாது, பிரதிகளில் மொழிபெயர்த்த வசன வரிகளும் இல்லை. நான் பார்ப்பது கீறல், துளை, ஒட்டு. ஒரு பெண் அழுதால் அவள் கன்னத்தில் பூஞ்சை இருக்கிறதா என்று பார்ப்பேன்.

வேலையை வேகப்படுத்த ஒரு வழி கண்டுபிடித்தேன். முன்பு ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து துருவைத் தேய்த்தோம். இப்போது ஒரு படத்தின் மூடிகளை எல்லாம் ஒரேயடியாகக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, தேய்த்து, மின்விசிறிக்கு முன்னால் வரிசையாகக் காயவைக்கிறேன். நேரம் பாதி. சீஃப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை என்றால் பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

இருவரும் நலமாக இருங்கள்.
தம்பி

*

27 மே

அன்புத் தம்பிக்கு,

நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. திரையிடல் வேலைகள்.

பத்து நாளும் அரங்கு நிறைந்தது. பிரதிகள் பளிச்சென்று இருந்ததாக எல்லோரும் சொன்னார்கள். பதினோராவது படத்துக்குப் பிறகு நடந்த பேச்சு கொஞ்சம் நீண்டுவிட்டது. மற்றபடி விசேஷம் இல்லை.

உன் வேலை நிரந்தரமாவது ஆகஸ்ட் 31தானே? அதற்கு முன்னால் ஆக வழியில்லையா? அண்ணி கேட்கச் சொன்னாள்.

உடம்பு பத்திரம்.
அண்ணன்

*

18 ஜூன், பகல் 12.20. பத்திரிகைப் பக்கங்கள்: 9. என்னைப் பற்றிய குறிப்புகள்: 0.

அண்ணா,

எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. உனக்கும் இருக்காது. ஒன்பது பக்கம் எழுதத் தெம்பு இருந்திருக்கிறதே. அண்ணி நலம் என்று நம்புகிறேன்.

உன் கட்டுரையை நான் தேடிப் போகவில்லை. சீஃப் கொண்டு வந்து என் மேசையில் போட்டார். "உங்க அண்ணனாமே. என்னமா எழுதியிருக்காரு" என்றார். இந்த நான்கு மாதத்தில் இந்த அறையில் அவர் வாயிலிருந்து வந்த ஒரே பாராட்டு. அதுவும் உனக்கு.

இரண்டாம் பக்கம், 'முதுமை அவர் கையிலிருந்து கத்தரிக்கோலை மெல்ல வாங்கிக்கொண்டது' என்று எழுதியிருக்கிறாய். கத்தரிக்கோல் என்னுடையது. 7.2, 22.6 இரண்டும் என்னுடையவை. 'கூர்ந்து பார்க்கிறவருக்குத் தெரியும்' என்று போட்டிருக்கிறாய். கூர்ந்து பார்த்தவன் நான். நீ தபாலைப் பிரித்தாய்.

இதுகூடப் பரவாயில்லை. பதினோராவது படத்தைப் பற்றி ஐந்து பக்கம். படத்தில் அப்பா செத்துப்போகிறார், அடுத்து ஒன்றுமே நடக்காததுபோல ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார், மகன் அவருக்கு முகம் மழித்துவிடுகிறான். கனவு என்று காட்டவில்லை, நினைவு என்று காட்டவில்லை, அதுதான் மேதைமை என்கிறாய். சரி. எனக்கு அதெல்லாம் தெரியாது. ஆனால் கடைசியில் ஒரு வாக்கியம்: 'சாவு நடந்து முடிந்த பிறகுதான் அப்பாவுக்கு முகம் மழித்துவிட நமக்கு நேரம் கிடைக்கிறது.'

அந்த வாக்கியத்தை நீ எழுதியிருக்கக் கூடாது. உனக்கு நேரம் கிடைத்தது. இரண்டு மாதம் தினமும் நம் அப்பாவுக்கு நீதான் சவரம் செய்துவிட்டாய். வெளியூரில் பயிற்சியில் இருந்த எனக்கு, 'தேர்வு முடியட்டும், அப்பா தேறி வருகிறார்' என்று கடிதம் போட்டதும் நீதான். நான் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நேரம் கிடைக்காதவன் நான். எண்களை எடுத்துக்கொண்டாய், கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டாய், கடைசியில் இதையும்.

மற்றபடி நலம்.
தம்பி

*

5 ஜூலை

அன்புத் தம்பிக்கு,

எனக்கு முதுகு கொஞ்சம் மோசம். அண்ணி படுக்கச் சொல்கிறாள், படுத்தால் தூக்கம் வருவதில்லை. உனக்குக் கண் எரிச்சல் ஒன்றும் இல்லையே? அந்த விளக்கைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாய்.

எண்கள் விஷயத்தில் நீ சொல்வது நியாயம். புத்தகத்தின் முன்னுரையில் உன்னைக் குறிப்பிடுகிறேன். கத்தரிக்கோல் உன்னுடையது என்று எனக்கு நினைவிருந்தது. வாக்கியம் ஓடும்போது யாருடையது என்று நின்று கேட்கத் தோன்றவில்லை. அந்தக் கட்டுரைக்கு இவ்வளவு பேர் கடிதம் எழுதுவார்கள் என்றும் நினைக்கவில்லை. இரண்டு கல்லூரிகளில் பேசக் கூப்பிட்டார்கள். ஒன்றுக்குப் போனேன்.

அப்பாவைப் பற்றி நீ எழுதியதற்கு இந்தக் கடிதத்தில் பதில் எழுத முடியவில்லை.

பிரதிகள் திரும்ப அங்கே வந்திருக்கும். பதினோராவது படத்தை நீயே சரிபார். வேறு யாரிடமும் கொடுக்காதே. ஒவ்வொரு ரீலாக, நிதானமாகப் பார். இதை மட்டும் எனக்காகச் செய்.

அண்ணன்

*

24 ஜூலை, மாலை 4.30. தவறுகள்: 1.

அண்ணி,

நீங்கள் சுகமா? அண்ணனுக்குத் தூக்கம் வருகிறதா? எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது, மற்றதெல்லாம் மோசம். இந்தக் கடிதம் உங்களுக்கு மட்டும். யாரிடமாவது சொல்லியாக வேண்டும், எனக்கு வேறு ஆள் இல்லை.

பதினோராவது படத்தை நிதானமாகப் பார் என்று அண்ணன் உத்தரவு போட்டிருந்தார். என் வேலையை எனக்கே சொல்லித்தருகிறாரே என்று எரிச்சலில் இரண்டு வாரம் தொடவில்லை. நேற்றுத்தான் எடுத்தேன். ஐந்து என்று எழுதியிருந்த டப்பாவிலிருந்து ரீலைத் தூக்கினால், அடியில் ஒட்டிக்கிடந்த ஒரு பழைய காகிதத் துண்டில் ஆறு என்று இருக்கிறது. ஆறு என்ற டப்பாவின் அடியில் ஐந்து.

நடந்ததைச் சொல்கிறேன். ஒவ்வொரு ரீலின் தலையிலும் எண் எழுதிய வெற்றுப் பிலிம் கொஞ்சம் இருக்கும், லீடர் என்போம். இந்த இரண்டு ரீலிலும் லீடர் மக்கிப்போயிருந்தது. வெட்டி எறிந்துவிட்டுப் புதிது ஒட்டினேன். எண்ணை எதைப் பார்த்து எழுதினேன்? மூடியைப் பார்த்து. மூடிகள் மொத்தமும் கழுவி மின்விசிறிக்கு முன் காய்ந்துகொண்டிருந்தன. மூடியைக் கழற்றும் முன் டப்பாவின் பக்கவாட்டில் எண் எழுத வேண்டும் என்பது விதி. பத்துப் படம்வரை எழுதினேன். அப்புறம் நேரத்தை மிச்சப்படுத்தினேன். இரண்டு மூடி இடம் மாறிவிட்டது.

மேசையில் ஓட்டிப் பார்த்தேன். சவரம்தான் ஐந்து. சாவுதான் ஆறு. சவரத்தில் அப்பாவின் மூக்குக்கண்ணாடி முழுசாக இருக்கிறது, சாவில் ஒரு பக்கம் விரிசல். செத்த பிறகு யாரும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வந்து உட்கார மாட்டார்கள். அண்ணன் மேதைமை என்று ஐந்து பக்கம் எழுதியது நான் மூடி மாற்றிப் போட்டதை.

சிரிப்பு வந்தது அண்ணி. பொய் சொல்லவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக நான் செய்த ஒன்றை அவர் பாராட்டியிருக்கிறார்.

இதைச் சரிசெய்வது ஐந்து நிமிட வேலை. இரண்டு எண்களை மாற்றி எழுதினால் போதும், ஒருவருக்கும் தெரியாது, என் வேலைக்கும் ஆபத்தில்லை. செப்டம்பர் கடைசியில் படங்கள் வேறோர் ஊருக்குப் போகின்றன. அப்போது அண்ணன் புத்தகம் கடையில் இருக்கும். திரையில் அப்பா முதலில் சவரம் செய்துகொள்வார், அப்புறம் சாவார். எல்லோரும் புத்தகத்தைத் திறந்து பார்ப்பார்கள்.

நான் ஒன்றுமே செய்யத் தேவையில்லை, பாருங்கள். என் வேலையைச் சரியாகச் செய்தாலே போதும். அவர் கதை முடிந்தது.

பேனாவை எடுத்தேன். வைத்துவிட்டேன். ஏன் என்று தெரியவில்லை. ஆகஸ்ட் 31 தாண்டட்டும் என்று இருக்கிறேன். அவரிடம் சொல்லாதீர்கள்.

தம்பி

*

2 ஆகஸ்ட்

அன்புள்ள தம்பிக்கு அண்ணி எழுதுவது.

நான் நன்றாக இருக்கிறேன். உன் அண்ணன் நன்றாக இல்லை. நாலு கிலோ குறைந்திருக்கிறார். ரத்த அழுத்தம் நான் பார்த்தவரை சரியாகத்தான் இருக்கிறது, ஆகவே இது மருந்துக்கு அடங்குகிற விஷயம் இல்லை. நீ சாப்பிடுகிறாயா? உன் கையெழுத்தைப் பார்த்தால் சாப்பிடுகிற ஆள் எழுதினது மாதிரி இல்லை.

அவரிடம் சொல்லாதே என்கிறாய். என்னத்தைச் சொல்வது? அவருக்கு மே மாதமே தெரியும்.

பத்தொன்பது வயசில் வீடுவரை நடந்து வந்தாரே, அது இந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான். ஷாட் ஷாட்டாக மனப்பாடம். அன்றைக்கு அரங்கில் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சாவுக் காட்சி வந்ததும் என் மணிக்கட்டைப் பிடித்தார். அடுத்து அந்த மனுஷர் சவரத்துக்கு உட்கார்ந்ததும், "டப்பா மாறிப்போச்சு. இவன்தான் மாத்திட்டான்" என்றார், என் காதுக்கு மட்டும்.

படம் முடிந்து பேச்சு நடந்தது. எங்கள் தெரு முனையில் உள்ள வங்கியில் ஒருவர் வேலை பார்க்கிறார், அவருக்குத் தாய்மொழி வங்காளம். ரொம்பக் கூச்சமான மனிதர். எழுந்து நின்று, தட்டுத்தடுமாறி நம் மொழியிலேயே, "ரெண்டு டப்பா இடம் மாறியிருக்குங்க. சாகறப்ப அந்த அப்பா பேசறதைக் கேட்டா தெரியும். அவர் என்ன சொல்றார்னா" என்று ஆரம்பித்தார். கழகத்துச் செயலாளர் உடனே, "அப்படியா? நாளைக்கே ஆவணக்கூடத்துக்குப் புகார் எழுதிடறேன். யார் இதைப் பார்த்து அனுப்பினதுன்னு கேக்கணும்" என்றார். உன் அண்ணன் எழுந்துவிட்டார். "டப்பா மாறலை. அவர் எடுத்ததே அப்படித்தான். மொழி தெரிஞ்சவங்களுக்கு வசனம் கேக்குது. எங்களுக்குப் படம் தெரியுது" என்றார். சபையே சிரித்தது, கைதட்டியது. அந்த மனிதர் மெதுவாக உட்கார்ந்துவிட்டார். உன் அண்ணனை எதிர்த்துப் பேச இந்த ஊரில் யார் இருக்கிறார்கள்? இப்போது வங்கிக்கு நான்தான் போகிறேன், இவர் போவதில்லை.

நீ அதைச் சரிசெய்தால் தன் மானம் போகும் என்று தெரிந்துதான் உன்னை நிதானமாகப் பார்க்கச் சொல்லி எழுதினார். நீயானால் இரண்டு வாரம் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். அண்ணனும் தம்பியும் ஒருத்தருக்கொருத்தர் சளைத்தவர்கள் இல்லை. நடுவில் நான் ஒருத்தி மணிக்கட்டைத் தடவிக்கொண்டு இருக்கிறேன்.

கண்ணுக்கு ஓய்வு கொடு.
அண்ணி

*

8 ஆகஸ்ட், காலை 7.05. கேள்விகள்: 3.

அண்ணா,

நலமா என்று கேட்கவில்லை. நாலு கிலோ என்று அண்ணி எழுதிவிட்டார்.

எனக்காகப் பொய் சொல் என்று உன்னிடம் யார் கேட்டது? அப்பா விஷயத்திலும் நீயே முடிவு செய்து நீயே மறைத்தாய், இப்போதும் அப்படியே. எனக்கு எது நல்லது என்று முடிவு செய்கிற பதவி உனக்கு எப்போது நிரந்தரமானது?

இரண்டாவது. பொய் ஒரு வரி. கட்டுரை எதற்கு?

மூன்றாவது. அந்தச் சவர வாக்கியம் யாரை நினைத்து எழுதியது?

தம்பி

*

19 ஆகஸ்ட்

அன்புத் தம்பிக்கு,

இப்போது கொஞ்சம் சாப்பிடுகிறேன். எல்லாவற்றையும் உனக்கு எழுதிவிட்டதாக அண்ணி சொன்னாள். அன்றிரவு பல மாதம் கழித்துத் தூங்கினேன்.

முதலாவது. யாரும் கேட்கவில்லை. ரீல்களை எடுத்துக் கொடுத்தபோதே லீடரில் உன் கையெழுத்தில் எண்ணைப் பார்த்திருந்தேன், செயலாளர் புகார் என்றார், வாய் முந்திக்கொண்டது. அப்பா விஷயத்திலும் வாய்தான் முந்தியது. நீ தேர்வை விட்டுவிட்டு வந்துவிடுவாய் என்று பயந்தேன். வந்திருக்க வேண்டும். அது உன் முடிவாக இருந்திருக்க வேண்டும்.

இரண்டாவது. முதல் நாள் உன் வேலைக்காகப் பொய் சொன்னேன். அது மூன்று வரி. அன்று கிடைத்த கைதட்டலுக்காக மறுநாள் உட்கார்ந்து எழுதினேன். அது ஒன்பது பக்கம். ஒன்பது பக்கத்துக்கும் நீ பொறுப்பில்லை. எழுத எழுத எனக்கே அது உண்மை என்று தோன்றியது. அந்தத் தவறான வரிசையில் ஏதோ இருந்தது, தம்பி. பதினேழு வருடமாக நேசித்த படத்தை உன் மூடி இன்னொரு படமாக்கிவிட்டது. அதை அந்த இயக்குநர் செய்யவில்லையே என்று அவர் சார்பில் எனக்கு உன்மேல் பொறாமையாகக்கூட இருந்தது. பைத்தியக்காரத்தனம்.

மூன்றாவது. உன்னை நினைத்துத்தான் எழுதினேன். நீ ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டு மாதம் தினமும் அப்பாவுக்கு மழித்துவிட்டேன். தினமும் கன்னத்தை இறுக்கிக்கொண்டு, "பார்த்துடா. சின்னவன் கைன்னா ஆடாது" என்பார். ஒரு நாள் விடாமல். கடைசி வாரம் பேச்சு குழறியபோதும் அது மட்டும் தெளிவாக வந்தது. அங்கே இல்லாதவனோடு நான் அறுபது நாள் போட்டி போட்டேன். அறுபது நாளும் தோற்றேன். இதை உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்ததும் நல்லெண்ணத்தால் அல்ல.

அச்சகத்தில் பத்து அத்தியாயம் முடிந்துவிட்டது. பதினொன்றை நான் இன்னும் தரவில்லை. பதிப்பாளர் தினமும் கேட்கிறார். கட்டுரையை அப்படியே கொடுத்துவிடப் போகிறேன். நீ சத்தமில்லாமல் எண்ணை மாற்றி எழுதிவிடு. முப்பத்தொன்று நல்லபடியாகக் கழியட்டும். பிறகு வருவது என் தலையோடு போகட்டும்.

கண்ணைக் கசக்காதே.
அண்ணன்

*

26 ஆகஸ்ட், திங்கட்கிழமை, காலை 8.50. நிரந்தரத்துக்குப் பாக்கி: 5 நாள்.

அண்ணா,

நலம். தூங்குகிறாய் என்பதில் சந்தோஷம். அண்ணியின் மணிக்கட்டு எப்படி?

உன் கடிதத்தை நாலைந்து நாளாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். 'சின்னவன் கை' என்ற இடத்தில் மடிப்பு விட்டுப்போய்விட்டது. அதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை. உனக்கு வரும், எனக்கு வராது. அதிலும் பொறாமைதான்.

ஆனால் 'என் தலையோடு போகட்டும்' என்று முடித்திருக்கிறாய் பார், அதைப் படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பாவுக்குக் கடைசிவரை செய்தவன் நீ. தம்பிக்காகப் பொய் சொன்னவன் நீ. இப்போது தம்பிக்காக அழிந்துபோகிறவனும் நீயா? எல்லாப் பதக்கத்தையும் ஒரே ஆள் குத்திக்கொண்டால் மற்றவன் எங்கே போவது? இந்த ஒரு தவறு என் கையால் நடந்தது. அதில் ஒரு பிரேம்கூட உனக்குத் தர மாட்டேன். கட்டுரை உன்னுடையது, அதை நீ வைத்துக்கொள். மூடி என்னுடையது.

இன்னொன்று. தவறான வரிசையில் ஏதோ இருந்தது என்று எழுதியிருந்தாய். நேற்று இரண்டு விதமாகவும் ஓட்டிப் பார்த்தேன். அளக்காமல், சும்மா உட்கார்ந்து. நீ சொன்னது சரி. இந்த வரியை எழுத எனக்கு இருபது நிமிடம் ஆனது.

கீழே இருப்பது பட்டியல், அதற்குப் பிறகு எழுத இடம் இருக்காது. ஆகவே கையெழுத்தை இங்கேயே போடுகிறேன். முதுகைப் பார்த்துக்கொள்.

தம்பி

1. இந்தக் கடிதத்தை முதலில் தபாலில் சேர்ப்பேன். அப்புறம் மனசு மாற வழியில்லை.

2. பத்து மணிக்கு சீஃப் அறைக்குப் போவேன். ஒன்றரைப் பக்கம் எழுதி வைத்திருக்கிறேன்: மூடி, மண்ணெண்ணெய், மின்விசிறி, எண். முதல் வரி, 'தவறு என்னுடையது.' வேலை தருவதும் வாசலைக் காட்டுவதும் அவர் பாடு.

3. வாசலைக் காட்டும் முன் இரண்டு லீடரையும் வெட்டிப் புதிது ஒட்டுவேன். டப்பாவின் பக்கவாட்டிலும் அடியிலும் எண் எழுதுவேன்.

4. அந்த ஒன்றரைப் பக்கத்தின் நகலை உனக்கு அனுப்புவேன். பதினோராவது அத்தியாயத்தில் அதை அப்படியே சேர். அரங்கில் நீ சொன்னதையும் நீயே எழுது. சவர வாக்கியத்தை அடிக்காதே. என் முழுப் பெயரையும் போடு, எழுத்துப்பிழை இல்லாமல்.

5. அண்ணியிடம் முகவரி வாங்கி அந்த வங்கிக்காரருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதுவேன், என் பங்குக்கு மட்டும். உன் பங்குக்கு நீ வங்கிக்கு நடந்து போ.

6. படத்தைச் சரியான வரிசையில் உங்கள் கழகத்தில் மறுபடி போடச் செய்வேன். வேலை இருந்தால் டப்பாக்களோடு வருவேன், இல்லாவிட்டால் சும்மா வருவேன்.

7. அந்த வங்கிக்காரரை நம் இருவருக்கும் நடுவில் உட்கார வைப்பேன். ஆறாவது ரீலில் அந்த அப்பா சாகும் முன் மகனிடம் பேசுகிறார், நாற்பத்தொரு நொடி. நான் அதை 984 பிரேம் என்று அளந்திருக்கிறேன். நீ அதைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறாய். அவர் என்ன சொல்கிறார் என்று நம் இரண்டு பேருக்கும் தெரியாது. வங்கிக்காரரிடம் கேட்பேன்.